வாயிற்காவலனுக்கு எத்தனை உயிர்

கடைசி லாரி எடைமேடையை விட்டு இறங்கியபோது
பதினொன்றே கால்.
ரசீதுப் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு
அதன் முதுகில் ஓர் ஊரை வரைகிறேன்.
ஞாயிறு மூன்று மணிக்கு
சத்துவாச்சாரி மொட்டைமாடிக்கு நாலு பேர் வருவார்கள்.
அதற்குள் இந்த ஊர் எழுந்து நின்றாக வேண்டும்.

பெயர் நீலக்குடைவு.
மலையின் வயிற்றில் நீலக்கல்.
நாக்கில் வைத்தால் செத்தவர் குரல் கேட்கும்,
ஆகவே அது ராணியின் சொத்து.
சுற்றிலும் அகழி.
வேலூர்க்காரி அகழி வரைந்தால்
கை தானாக முதலையையும் வரைந்துவிடுகிறது.
அடித்தேன்.
முதலைக்குத் தீனி யார் போடுகிறார்கள்,
மாதம் எவ்வளவு ஆகிறது
என்று தபசும் கேட்பாள்.

தபசும் திருடி.
பகலில் பேரணாம்பட்டு ஷூ கம்பெனி;
நகத்தில் பசை காயாமலே பகடை உருட்டுவாள்.
எபினேசர் நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவன்,
ஆட்டத்திலாவது யாரையும் குணப்படுத்த மாட்டேன் என்று
கோடரி வாங்கிக்கொண்டான்.
நிருபன் மந்திரவாதி. மந்திரம் மறந்துவிடும்.
எபியின் தங்கை கெசியா
மூன்று வாரமாக வருகிறாள்,
தான் யார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஊருக்கு ஒரே வாயில்.
உள்ளே போகச் சீட்டு, வெளியே வரச் சீட்டு,
சீட்டுக்கு முத்திரை, முத்திரைமேல் கையெழுத்து.
இதற்கெல்லாம் கற்பனை தேவைப்படவில்லை.
மேஜைமேல் கிடந்தது.

காவலர் நால்வர்.
மூவருக்கு ஈட்டி, இரும்புத்தொப்பி,
ஆளுக்குப் பன்னிரண்டு உயிர்ப்புள்ளி.
நாலாமவனை எழுதும்போது
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதிராஜுலு
டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கேழ்வரகுக் களியைக் கடலைத் துவையலில்
தோய்த்துக்கொண்டிருந்தார்.
எழுதினேன்:
வயது அறுபது. இடது முட்டி வீக்கம்.
ஆயுதம், விசில்.
உயிர்ப்புள்ளி

பேனா நின்றது.

எனக்கு இந்த நாலு பேரையும் தெரியும்.
வாயிலைக் கண்டால் பேச மாட்டார்கள்.
போன மாதம் ஒரு சுங்கச்சாவடியைக் கொளுத்தினார்கள்.
உள்ளே இருந்தவனுக்கு நான் பெயர் வைத்திருக்கவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

ஏழு போட்டேன். அடித்தேன்.
இருபது போட்டேன்.
இருபது உயிர் உள்ளவர்
கணியம்பாடி தாண்டி இந்தக் கல்குவாரியில்
ராத்திரி நாற்காலியில் ஏன் உட்காரப் போகிறார்.

"இன்னா மேடம், கணக்கு டேலி ஆவலியா?"

ஆவல. அண்ணே, ஒண்ணு கேக்கட்டா.
நாலு பேரு கத்தியோட வந்து
கேட்டைத் தொறன்னா இன்னா பண்ணுவீங்க?

கையை நக்கிவிட்டு நிஜமாகவே யோசித்தார்.
"தொறப்பேன்.
இந்தச் சம்பளத்துக்கு கேட்டு தொறக்கலாம்,
சாவ முடியாது.
ஆனா ரிஜிஸ்டர்ல எழுதாம வுட மாட்டேன்."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை சண்டை இல்லை.
கோடரியோடு வருவார்கள், கதவு திறந்திருக்கும்.
கிழவன் ஒரு நோட்டை நீட்டுவான்:
பெயர். தகப்பன் பெயர். வந்த காரியம்.
நுழைந்த நேரம். வெளியேறிய நேரம்.
கெசியா இனி எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும்.
தபசும் பழைய பக்கங்களைப் புரட்டுவாள், அவள் சுபாவம்.
கடைசிக் கட்டம்
பக்கம் பக்கமாகக் காலி.

கோடு சரியா என்று பார்க்க
எங்கள் ரிஜிஸ்டரையும் எடுத்துப் பிரித்தேன்.
இதிலும் அங்கங்கே காலி.
"ஷிப்ட் முடிஞ்சா பசியில ஓடிடுவானுங்க மேடம்,
எவன் நின்னு எழுதறான்."
இருக்கும்.
ஆனாலும் ஒரு பெயரை இரண்டு முறை படித்தேன்.

தூரத்தில் ஹாரன்.
எதிராஜுலு எழுந்து முட்டியை நீவி
விசிலைத் தேடுகிறார்.
அவருடைய கட்டத்தை நிரப்பாமலே விட்டேன்.
அடித்த முதலையை மட்டும் திரும்ப எழுதினேன்:

முதலை, ஒன்று. கிழடு.
தீனி: நாலாம் காவலன் மிச்சம் வைக்கும் களி.
மாதம் எவ்வளவு என்று
தபசும் கேட்கட்டும்.